ஏழாம் இலக்கம்

மல்லாவிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை.
பின்னறையில் மூடி கழற்றிய ஒரு கொம்பியூட்டர்,
அதற்குள் ஐந்து இயங்குதளங்கள்.
"ஒரு மனுசிக்கு ஒண்டு காணாதோ?"
கறன்ட் பில் கட்ட வரும் இரத்தினவேல் கேட்பார்.
காணும்.
கடைக்கணக்குக்கு ஒன்று, பழைய பிரின்ரருக்கு ஒன்று,
மூன்றாவது எனக்குப் பிடித்தது,
ஐந்தாவது யாரோ ஒரு ஜெர்மன்காரர்
தனியாக இன்னும் எழுதிக்கொண்டிருப்பது.
நான்காவதை ஏன் போட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை.
பட்டியலில் கிடக்கிறது,
குடும்ப அட்டையில்
கனடா போனவரின் பெயர்போல.

மாசியில் நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து
துவாரகன் ஒரு டிஸ்க் கொண்டுவந்தான்.
மாப் பையில் சுற்றியிருந்தது.
செங்கல் அளவு, செங்கல்லைவிடப் பாரம்.
பின்னால் அறுபத்தெட்டுக் கம்பிகள்.
வளைந்திருந்த ஒன்றை ஊசியால் நிமிர்த்தினேன்.
"குளத்து அளவெல்லாம் இதுக்குள்ளதானாம் அக்கா.
ஒரு மிசினிலயும் கொழுவ ஏலாதாம்."

இதற்கென்று தனியாக ஒரு காட் வேணும் என்றேன்.
"வன்னியில காட்டுக்கோ பஞ்சம்?" இரத்தினவேல்.
மூன்று கிழமை தேடினேன்.
கொழும்பில் ஒரு பழைய சாமான் கடைக்காரர்
பஸ் சாரதியிடம் கொடுத்துவிட்டார்,
கிரீம் கிராக்கர் பெட்டிக்குள் வைத்து.

இரண்டாவது சிலொட்டில் செருகினேன்: உறைந்தது.
மூன்றாவதில்: இரண்டு பீப், பிறகு ஒன்றுமில்லை.
சவுண்ட் காட்டும் இதுவும்
ஒரே மணியை அடித்துக் கூப்பிடுகின்றன,
அடித்தது யாரென்று தெரியாமல்
நடுவில் நிற்கிறது பலகை.
சவுண்ட் காட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
அன்றிலிருந்து கடையில் பாட்டு இல்லை.

நாலாம் நாள்தான் கண்டேன்,
கேபிளின் நுனியில் முடிப்பான் இல்லை.
இந்த வகைக் கேபிளுக்கு முடிவு போட வேண்டும்.
போடாவிட்டால்
அனுப்பிய சொல் நுனிவரை போய்
திரும்பி வந்து
அடுத்த சொல்லோடு மோதும்.
டிஸ்க்கின் பிழை இல்லை, காட்டின் பிழையும் இல்லை.
இந்த இடத்தில் எனக்கு ஒருவரின் ஞாபகம் வந்தது.
அதை இங்கே எழுதப்போவதில்லை.
முடிப்பான் எண்ணூறு ரூபாய்.

காட் வந்ததும் வரிசை குழம்பியது.
நேற்றுவரை முதலாவதாய் இருந்த டிஸ்க்
இன்று மூன்றாவது.
ஒன்றாம் இயங்குதளம் தன் வீட்டையே தேடிக் காணாமல்
வெள்ளை எழுத்தில் நின்றது.
இரண்டாவது எழும்பியது, அப்படியொரு டிஸ்க் இல்லை என்றது.
மூன்றாவது, எனக்குப் பிடித்தது,
கண்டது, ஆனால் காலி என்றது,
அழித்து ஒழுங்குபடுத்தவா என்று கேட்டது.
வேண்டாம் என்பதை இரண்டு தரம் அமத்தினேன்.
ஜெர்மன்காரர் இந்தக் காட்வரைக்கும் இன்னும் வந்துசேரவில்லை.

நான்காவது
ஒன்றும் கேட்கவில்லை.
டிஸ்க் சுழன்றது, மண் அரைபடும் சத்தம்,
பிறகு பச்சை விளக்கு.
வவுனிக்குளம். அடி, அங்குலம்.
காலை ஆறு மணி, மாலை ஆறு மணி.
ஒரு நாளும் விடாமல்
மாரிக்கு ஏறி, சிறுபோகத்துக்கு இறங்கி,
ஒரு ஆவணி நாளில்
காலை மட்டும்.

துவாரகன் கீழே உருட்டிக்கொண்டே போனான்.
"அதுக்குப் பிறகு அக்கா?"
அதற்குப் பிறகும் ஏறியிருக்கும், இறங்கியிருக்கும்.
பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.
முடிப்பானுக்கு மட்டும் காசு வாங்கினேன்.

டிஸ்க் அவனோடு போய்விட்டது.
காட்டை நான் கழற்றவில்லை,
கழற்றினால் வரிசை மறுபடி குழம்பும்.
காலையில் பட்டியல் வருமுன்
அது தன்பாட்டில் கேட்கத் தொடங்கும்:
பூச்சியம், இருக்கிறீரோ.
ஒன்று, இருக்கிறீரோ.
ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பொறுத்து,
பதினைந்துவரை.
ஏழை மட்டும் கேட்காது,
ஏழு அதுதானே.

இரத்தினவேல் பில்லோடு நிற்கிறார்.
"இன்னும் வரேல்லையோ பிள்ளை?"
"பொறுங்கோ," என்கிறேன்,
"ஒன்பதுக்கு வந்திட்டுது."